வடகப் பலகைக்கு இழையை எந்தப் பக்கம் ஓடவிடுவது?

கோட்டையூர் ஆச்சி ஒருவர் மாசி மாதக் கடைசியில் பட்டறைக்கு வந்தார். கூழ் வடகம் ஊற்றிக் காயவைக்கத் தட்டையான ஒரு பலகை வேண்டும் என்றார். நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 60. மொட்டை மாடியில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, பலகையின் குறுகிய முனைகள் இரண்டும் அதன் மேல் உட்காரும்படி வைப்பார். அடியில் காற்றுப் போக வேண்டும், எறும்பு ஏறக் கூடாது. பலகையின் மேல் நனைத்த வேட்டி, வேட்டியின் மேல் வட்டம் வட்டமாகக் கூழ். அதுவரை வைத்திருந்த பிளைவுட் இரண்டு கோடைப் பனியில் தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. வீட்டுத் தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. ஆனால் வீட்டில் கிடக்கிற தேக்குப் பலகையை மாடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

“ஃபைபரில் செய்து தருகிறேன், விளிம்பை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் மடித்துவிடுகிறேன் ஆச்சி” என்றேன்.

“விளிம்பு கட்டாதே தம்பி. துணியைச் சுருட்டி எடுக்க முடியாது. காலை வெயிலும் அந்த நிழலில் போய்விடும்.”

அந்த ஒரு வாக்கியத்தால் பத்து நிமிட வேலை ஒரு மாத வேலையானது. ஃபைபர் என்பது கண்ணாடி இழையை ரெசின் என்கிற பசையில் நனைத்து இறுகவிட்ட தகடு. விளிம்பு மடித்த தட்டுக்கு எந்த இழையும் எந்தத் திசையும் போதும். மடிப்பே விறைப்பைக் கொடுத்துவிடும். முறத்துக்கு விளிம்பு கட்டுவது சும்மா அழகுக்காகவா? உங்கள் தட்டுக்கு விளிம்பு இருக்கலாம் என்றால் மலிவான மேட் (வெட்டிய இழைத் துண்டுகளாலான விரிப்பு) வாங்கி வேலையை முடித்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. தட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

பலகை நடுவில் தொய்ந்தால் என்ன ஆகும் என்பதை வடகம் ஊற்றியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் ஊற்றிய கூழ் மெல்ல நடுவை நோக்கி நகரும். பக்கத்து வட்டத்தோடு ஒட்டும். மாலையில் பார்த்தால் நாற்பது வடகத்துக்குப் பதில் நடுவில் தடியாக ஒரு தீவும் சுற்றிலும் காகிதம்போல் நாலைந்து சில்லும் கிடக்கும். ஆகவே என் அளவுகோல் ஒன்றே: 3 மில்லிமீட்டர் தடிமன், பரவலாக 4 கிலோ கூழும் துணியும், அதோடு பலகையின் சொந்த எடை, நடுவில் எவ்வளவு இறங்குகிறது?

கண்ணாடி இழை வலுவான பொருள். யங் குணகம் என்று பொறியாளர்கள் சொல்லும் விறைப்பு எண் அதற்குச் சுமார் 72 கிகாபாஸ்கல். அதைச் சுற்றி இறுகும் ரெசினுக்கு வெறும் 3 அல்லது 4. இழை ஓடுகிற திசையில் இழுத்தால் சுமையை இழை வாங்கிக்கொள்கிறது. குறுக்கே இழுத்தால் இழைக்கும் இழைக்கும் நடுவில் இருக்கிற ரெசின்தான் நீள்கிறது; பக்கத்தில் இழை இருந்தும் பெரிய பயனில்லை. கையால் பூசுகிற பட்டறையில், பரும அளவில் பத்தில் நாலு பங்கு இழையும் ஆறு பங்கு ரெசினும் வந்தால் நல்ல வேலை. அப்படி எல்லா இழையும் ஒரே பக்கம் ஓடுகிற தகட்டுக்கு நீளவாக்கில் சுமார் 30 கிகாபாஸ்கல், குறுக்கே 8. ஒரே தகடு, ஒரே பொருள், திருப்பிப் பிடித்தால் நாலில் ஒரு பங்கு.

இது புதுச் செய்தி இல்லை. பனையோலைக் கீற்றை நீளவாக்கில் பிடித்தால் குச்சிபோல் நிற்கும், அகலவாக்கில் சுலபமாகச் சுருளும். இன்றைய செய்தித்தாளையே எடுத்துப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கிழித்தால் பெரும்பாலும் கோடு போட்டதுபோல் வரும், இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். காகிதத்துக்கும் இழை ஓடுகிற பக்கம் ஒன்று உண்டு.

முதலில் பார்த்தது மேட். சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிய இழை, திசையில்லாமல் கொட்டிக் கிடக்கும். தண்ணீர்த் தொட்டி, கார் பம்பர், கோயில் திருவிழா அலங்காரம் என்று நம் ஊர் ஃபைபர் வேலையில் பெரும்பகுதி இதுதான். எங்கும் கிடைக்கும், எந்த வளைவிலும் படியும், புதிதாகச் சேர்ந்த பையன்கூட இரண்டு நாளில் பூசக் கற்றுக்கொள்வான். விறைப்பு எல்லாப் பக்கமும் ஒன்றே, ஆனால் சுமார் 7 கிகாபாஸ்கல்தான். இதற்கு இரண்டு காரணம். இழைகள் எல்லாத் திசைக்கும் பங்கு போய்விடுகின்றன. தாறுமாறாகக் கிடப்பதால் நெருக்கி அடுக்கவும் முடியாது, ரெசினே அதிகம் குடிக்கும். கணக்குப் போட்டேன்: 3 மி.மீ. மேட் பலகை நடுவில் சுமார் 63 மி.மீ. தொய்யும். கூழுக்கு அது பள்ளத்தாக்கு.

அடுத்தது நெய்த துணி, பட்டறையில் ரோவிங் என்போம். பாவும் ஊடையும் சம அளவு, ஓலைக் கொட்டான் முடைகிற மாதிரி மேலும் கீழுமாகப் போகும். சுமார் 14 கிகாபாஸ்கல், தொய்வு 33 மி.மீ. மேட்டுக்குப் பாதி. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் இதில் இரண்டு இழப்பு இருக்கிறது. பாதி இழை நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாத அகலவாக்கில் கிடக்கிறது. மீதிப் பாதியும் நேராக ஓடவில்லை, ஒவ்வொரு ஊடையையும் தாண்ட ஏறி இறங்குகிறது. வளைந்து கிடக்கும் இழையை இழுத்தால் அது முதலில் நிமிர்கிறது, பிறகுதான் சுமையைத் தாங்குகிறது. கயிறு தொளதொளவென்று இருக்கும்போது வண்டியை இழுக்கிற கதை. கூடைக்கு இது குறையே இல்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் கிழியாமல் இருப்பதுதான் கொட்டானுக்கு அழகு. பலகைக்கு இது பாதி வேலை.

மூன்றாவதாக ஒருதிசைத் துணி. நெசவே இல்லை, இழைகள் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் படுத்திருக்கும், பிரியாமல் இருக்க மெல்லிய நூலால் தைத்திருப்பார்கள். காரைக்குடியில் நினைத்தபோது கிடைக்காது. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். மூன்று அடுக்கையும் நீளவாக்கில் போட்டால் தொய்வு 16 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. மேட்டில் நாலில் ஒரு பங்கு.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததற்குக் காரணம் வாழையிலை. நரம்பு ஓடுகிற பக்கம் அது எப்படிக் கிழிகிறது என்பது பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். எல்லா இழையும் ஒரே பக்கம் ஓடுகிற மெல்லிய தகடு, மூலையில் கீழே விழுந்தால் இழைக்கு இணையாக நீளமாகப் பிளக்கும். அந்தப் பிளவைத் தடுக்கக் குறுக்கே ஓர் இழைகூட இல்லை. மாடிப்படியில் ஏறி இறங்குகிற பலகை விழாமலா இருக்கும்?

ஆகவே குறுக்கே ஓர் அடுக்கு வேண்டும். அதற்காக எவ்வளவு விறைப்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மூன்றில் ஓர் அடுக்கைத் திருப்பினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இழுவிசைக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. வளைவுக்குச் சரியில்லை.

பலகை தொய்யும்போது மேல்முகம் நெருங்குகிறது, கீழ்முகம் விரிகிறது, நட்டநடுவில் இருக்கிற தளம் நெருங்கவும் இல்லை விரியவும் இல்லை. நடுவிலிருந்து விலக விலக இழைக்கு வேலை கூடுகிறது; நடுவிலிருந்து ஒரு தூரம்வரை இருக்கிற இழைகளின் மொத்தப் பங்கு அந்தத் தூரத்தின் மும்மடிக் கணக்கில் ஏறுகிறது, அதாவது தூரம் இரட்டித்தால் எட்டு மடங்கு. மூன்று சம அடுக்கு இருந்தால் மொத்த வளைவு விறைப்பை 27 பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வெளி அடுக்குகள் இரண்டும் சேர்ந்து 26 பங்கைத் தாங்குகின்றன, நடு அடுக்குக்கு ஒரே ஒரு பங்கு. எனவே நடு அடுக்கைக் குறுக்கே திருப்பினால் இழப்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 15.7 மி.மீ. தொய்ந்தது 16.1 ஆகிறது. பிளவுக்குக் காவல் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது.

இதையே தலைகீழாகச் செய்து பாருங்கள். வெளி அடுக்குகள் இரண்டும் குறுக்கே, நடுவில் மட்டும் நீளம். தொய்வு 53 மி.மீ.! வாங்குகிற துணியும் ரெசினும் எடையும் சற்றொப்ப அதேதான். அடுக்குகிற வரிசையும் திசையும் மாறியதில் பலகை மூன்று மடங்குக்கு மேல் மெத்தென்று ஆகிவிட்டது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வண்ணம் பூசிய பிறகு செய்தவனுக்கே அடையாளம் தெரியாது.

நாலு அடுக்காகப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வெளியில் இரண்டு நீளம், உள்ளே இரண்டு குறுக்கு. அப்போது வெளி அடுக்குகளின் பங்கு எட்டில் ஏழு. நீளவாக்கில் கொஞ்சம் குறையும், அகலவாக்கில் கொஞ்சம் கூடும். நல்ல அடுக்குதான். எனக்கு மூன்றே போதுமானதாக இருந்தது.

சாய்வாக, நாற்பத்தைந்து பாகையில் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுவது இன்னொரு வழி. இணையத்தில் சிலர் இதைப் பெரிய ரகசியம்போல் சொல்கிறார்கள். முறுக்குக்கு, அதாவது திருகலைத் தாங்குவதற்கு, இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பலகை திருகிக்கொள்ளாமல் இருப்பதில் நேர் அடுக்கைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பு. காற்றாலை இறகின் மேல்தோலில் சாய்ந்த இழை போடுவது இதற்காகத்தான். வளைவைத் தாங்க அதே இறகில் நீளவாக்கு இழை தனியாக ஓடுகிறது. ஆனால் நம் பலகையை இரண்டு முனையில் தாங்கி அதே சுமையை வைத்தால் சாய்ந்த இழை சுமார் 50 மி.மீ. தொய்யும். முறுக்கும் பாதிக்கக் கூடாது, தொய்வும் கூடாது என்று சாய்ந்த அடுக்கை நடுவில் செருகினால்? மும்மடிக் கணக்கு அங்கேயும் வந்து நிற்கும். நடுவில் இருக்கிற அடுக்கு முறுக்குக்கும் 27இல் ஒரு பங்குதான் உதவும். எது முக்கியமோ அதை வெளியில் போட வேண்டும், இரண்டும் வெளியில் இருக்க முடியாது.

ஆச்சியிடம் கேட்டேன், பலகையை யார் எப்படித் தூக்குவார்கள் என்று. “நானும் வேலைக்கு வருகிற பெண்ணும் ஆளுக்கொரு முனையில்” என்றார். அத்தோடு சாய்வு அடுக்கு பட்டியலிலிருந்து போயிற்று. தனி ஆளாகத் தூக்குகிறவர் மூலையைப் பிடிக்காமல் நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்தால் திருகல் வராது. கையை மாற்றிப் பிடித்தால் தீர்கிற காரியத்துக்கு எதற்கு இழையை மாற்ற வேண்டும்?

கார்பன் இழை பற்றி ஒரு வரி: மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது, வடகப் பலகைக்கு அது வைர மூக்குத்தி. தவிர, திசை பிசகினால் அதிகம் தண்டனை கொடுப்பதும் அதுதான். நெருக்கி அடுக்கிய கார்பன் தகட்டில் நீளவாக்கில் 140 கிகாபாஸ்கல் இருந்தால், வெறும் பத்து பாகை சாய்ந்ததும் 80 அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடி இழையில் அதே பத்து பாகைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் போகிறது. முப்பது பாகை போனால் கண்ணாடியிலும் அறுபது சதவீதம் போய்விடும். ரெசின் தடவி உருளையை ஓட்டும்போது துணி வழுக்கிச் சாய்வது பட்டறையில் அன்றாடம் நடப்பது. ஓரத்தில் ஒரு நூல் கட்டி, அதற்கு நேராக இழை ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே பூசுங்கள்.

என் முதல் மாதிரியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அப்போது கையில் இருந்த துணி குறைவு. இரண்டே அடுக்கு போட்டேன், கீழே நீளம், மேலே குறுக்கு. அச்சில் இருக்கும்வரை மேசைபோல் தட்டையாக இருந்தது. எடுத்து முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அப்பளம்போல் வளைந்து நிற்கிறது. எரிச்சலில் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்; டப்பென்று மறுபக்கமாக, முதல் வளைவுக்குக் குறுக்கே வளைந்துகொண்டது. மறுபடி தட்டினால் மறுபடி பழைய வளைவு. பட்டறைப் பையன்களுக்கு அன்றைக்கு முழுவதும் அதுதான் விளையாட்டு.

காரணம் எளிது. ரெசின் இறுகும்போது சுருங்கும். இழை ஓடுகிற திசையில் இழை அதைச் சுருங்க விடாது, குறுக்கே தடுக்க ஆளில்லை. ஆகவே கீழ் அடுக்கு ஒரு பக்கம் சுருங்கப் பார்க்கிறது, மேல் அடுக்கு இன்னொரு பக்கம். இழுபறியில் தகடு வளைகிறது. நடுத் தளத்துக்கு மேலே என்ன இருக்கிறதோ அதுவே முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கீழேயும் இருந்தால் இழுபறி சமன்படும். நீளம், குறுக்கு, நீளம் என்ற மூன்றடுக்கு அந்த விதிக்குத் தானாகவே அடங்கும். பிளைவுட்டின் தாள்களை மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் ஒட்டுவதும் இதனால்தான்.

வெயிலைப் பற்றிக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. சித்திரை மாடியில் பலகை நன்றாகச் சுடும்; ரெசின் சூட்டில் இளகும், சுமையோடு நாள் முழுவதும் இருந்தால் மெல்ல மெல்ல இறங்கும். சுமை இழையின் மேல் நேராக விழுகிற அடுக்கில் இந்த இறக்கம் குறைவு. மேட்டிலும் சாய்ந்த அடுக்கிலும் ரெசின் தாங்குகிற பங்கு கூடுதல் என்பதால் அதிகம். காலையில் அளந்த தொய்வை வைத்து முடிவு செய்யாதீர்கள், மாலை நாலு மணிக்கும் ஒரு முறை அளந்து பாருங்கள். வெள்ளைப் பூச்சு கொடுத்தால் சூடு குறையும், இழை வெயிலில் வெளியே தலை நீட்டவும் நாளாகும். கூழை நேராகப் பலகையில் ஊற்றாமல் துணி விரிப்பதையும் நான் வற்புறுத்துவேன். சரியாக இறுகாத ரெசின் சாப்பாட்டில் படக் கூடாது.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லியாக வேண்டும். மேட்டையே 5 மி.மீ. தடிமனில் போட்டால் தொய்வு 17 மி.மீ.தான், தடிமனும் மும்மடிக் கணக்கில் உதவுகிறதே. எடை 3.9 கிலோ வரும், மூன்றடுக்குப் பலகை 2.8 கிலோ. ஒரே ஒரு பலகை, தூக்குவது இளவட்டங்கள், ஒருதிசைத் துணி கிடைக்கவில்லை என்றால் நான் கூசாமல் தடித்த மேட்டைத்தான் போடச் சொல்வேன். பேசாமல் அதையே செய்து கொடுத்திருக்கலாம் என்று பட்டறைக் கணக்குப்பிள்ளை இன்றுவரை சொல்கிறார். ஆச்சி கேட்டது ஆறு பலகை. ஆறு பலகை ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும்போது ஒன்றுக்கு ஒரு கிலோ வித்தியாசம் அறுபது வயதுக்கு மேல் தோளில் தெரியும். அதனால் நீளம், குறுக்கு, நீளம்.

செய்வதற்கு முன் முப்பது சென்டிமீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒவ்வொரு வகையிலும் ஒரு பட்டை வெட்டிக்கொண்டேன். ஒரு முனையை மேசை ஓரத்தில் அழுத்தி, மறுமுனையில் அரைக் கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளவுகோலால் அளந்தேன். யாரும் இதைச் செய்யலாம், இயந்திரம் வேண்டாம். எண்கள் கணக்கோடு துல்லியமாக ஒட்டவில்லை. என் பூச்சில் ரெசின் கூடிப்போயிருந்தது. வரிசை மட்டும் மாறவே இல்லை. கடைசியில் முழுப் பலகையைச் செங்கல் மேல் வைத்து 4 கிலோ ஏற்றியதில் நடுத் தொய்வு 18 மி.மீ. வந்தது. கூழ் ஊற்றினார்கள், வட்டம் வட்டமாகவே நின்றது.

அடுத்த மாதம் ஆச்சி இன்னும் இரண்டு கேட்டு ஆள் அனுப்பினார், இந்த முறை சதுரம், 60க்கு 60. அதே அடுக்கில் செய்தேன், அனுப்பினேன். நாலாம் நாள் தொலைபேசி: “தம்பி, இதில் ஒன்று நன்றாக இருக்கிறது, ஒன்றில் கூழ் ஓடுகிறது.” போய்ப் பார்த்தேன். நீளப் பலகையில் எந்த முனையைச் செங்கலில் வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை, சதுரத்தில் நாலு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது. ஒன்றைச் சரியாக வைத்திருந்தார்கள், மூன்று மி.மீ. தொய்வு. மற்றதைக் கால்வட்டம் திருப்பி வைத்திருந்தார்கள், பத்து மி.மீ.க்கு மேல். நான் அடையாளமே போடவில்லை.

பென்சிலை எடுத்து ஓரத்தில் அம்புக்குறி போட்டேன். ஆச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “இது யார் கண்ணுக்குத் தெரியும்?” என்றார். பேத்தியைக் கூப்பிட்டு நகப்பூச்சு பாட்டிலை வாங்கி, செங்கல் வைக்க வேண்டிய இரண்டு விளிம்பிலும் சிவப்பாக நீள நெடுக ஒரு கோடு இழுத்தார். இப்போது பட்டறையிலிருந்து போகிற சதுரப் பலகை எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு உண்டு.